முன்சில்லு உதறல்: டம்பரை மாற்றுவதா, தேய்மானத்தைத் தேடுவதா?

முன்சில்லு உதறுகிறது என்று கராஜுக்கு வருகிற ஜீப்காரர் அனேகமாகத் தீர்வையும் கையோடு கொண்டுவருகிறார். "ஸ்டேரிங் டம்பர் போயிட்டுது அண்ணை, புதுசு ஒண்டு போட்டால் சரி." கடைக்காரர் சொல்லியிருப்பார், கூட ஓடுகிற சாரதி சொல்லியிருப்பார். புது டம்பர் (ஸ்டேரிங்கின் உதையைத் தணிக்கிற சின்ன ஷொக் அப்சோபர்) போட்டதும் உதறல் நிற்பது உண்மைதான். சில மாதங்களில் முன்னையதைவிட மோசமாகத் திரும்பி வருவதும் உண்மை. வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பழைய டிபென்டரோ லாண்ட் குறூசரோ வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் எப்போதாவது இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். டம்பரா, அலைன்மென்டா, புஷ்ஷா (இணைப்புகளுக்குள் இருக்கிற இறப்பர் உறை), முன் அக்சிலை முழுதாகக் கழற்றுவதா, வாகனத்தையே கைமாற்றி விடுவதா? என் பக்கம் எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பிளே, அதாவது இணைப்புகளில் விழுந்த தளர்வு, எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஒரு சாமானும் வாங்கக்கூடாது.

தெரிவுகளுக்குள் இறங்குமுன் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். ஓடும்போது உதறல் பிடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். பாரம் முழுக்க முன்னுக்கு வந்து உதறல் இன்னும் கூடலாம், வாகனம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டும் போகலாம். காலை அக்ஸிலேற்றரிலிருந்து எடுங்கள். ஸ்டேரிங்கை இறுக்கமாகப் பிடியுங்கள், ஆனால் ஆட்டத்துக்கு எதிராக மல்லுக்கட்ட வேண்டாம். பெருவிரலைக் கம்பிகளுக்கு உள்ளே விடாமல் வளையத்தின் மேலே வையுங்கள். ஸ்டேரிங் திடீரென்று சுழன்றால் விரல் முறியும். வேகம் தானாக இறங்க விட்டு, பிறகு மெதுவாகப் பிரேக் பிடித்து ஓரங்கட்டுங்கள். ஏ-9 பெருந்தெருவில் இருட்டின பிறகு மாடுகள் காப்பெற் (தார்) வீதியில் படுத்துக் கிடக்கிற இடங்களை எல்லோருக்கும் தெரியும். உதறுகிற வாகனத்தோடு அந்த நேரத்தில் ஓடவே கூடாது.

முதலில், இது எந்த உதறல்?

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. 80 இல் மெல்லத் தொடங்கி, 90 இல் கூடி, அதற்கு மேலே குறைந்து போகிற அதிர்வு பெரும்பாலும் சில்லுப் பலன்ஸ் குறை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டேரிங் துடித்தால் டிஸ்க்கைப் பாருங்கள். இந்தக் கட்டுரை பேசுவது மூன்றாவது வகையை. 60க்கும் 80க்கும் இடையில் சீராகப் போகிற வாகனம் ஒரு மதகின் விளிம்பிலோ பள்ளத்திலோ ஒரு சில்லை இடிக்கிறது. அந்தக் கணத்தில் இரண்டு முன்சில்லும் இடமும் வலமுமாக வெறிபிடித்த மாதிரி அடிக்கத் தொடங்குகின்றன. பள்ளம் கடந்து போன பிறகும் ஆட்டம் நிற்பதில்லை. வேகம் 40க்குக் கீழே இறங்கினால்தான் ஓய்கிறது. பள்ளம் அதைத் தொடக்கிவைக்கிறது. அதற்குப் பிறகு அது தன்னைத்தானே ஊட்டிக்கொள்கிறது.

இது முக்கியமாக முழு அக்சில் வாகனங்களின் நோய். இரண்டு முன்சில்லும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் நிற்கிற அமைப்பு: பழைய சீரிஸ் லாண்ட் றோவர், டிபென்டர், 70 வரிசை லாண்ட் குறூசர், நிசான் பற்றோலின் ஒய்60, ஒய்61, சுசுக்கி ஜிம்னி, மிட்சுபிசி ஜே வரிசை ஜீப், பழைய மகிந்திரா ஜீப் எல்லாம் இந்தக் கூட்டம். பஜிரோ, இப்போதைய ஹைலக்ஸ் போல முன்சில்லுகள் தனித்தனியாகத் தொங்குகிற வாகனத்தில் ஸ்டேரிங் ஆடினால் ரயர், பலன்ஸ், போல் ஜொயின்ட், கீழ்க்கைப் புஷ் என்று பார்த்தால் அனேகமாக விஷயம் முடிந்துவிடும்.

முழு அக்சிலில் மட்டும் ஏன் இப்படி? சுழல்கிற கனமான சில்லு ஒன்று ஒரு பக்கம் தூக்கப்பட்டால், அதன் சுழற்சியே அதை இடம் வலமாகத் திருப்பப் பார்க்கும். அக்சில் ஒன்றாக இருப்பதால் ஒரு பக்கத்து இடி மறுபக்கச் சில்லையும் சாய்க்கிறது, இரண்டு முன்சில்லையும் இணைக்கிற டை றொட் வழியாகத் திருப்பவும் செய்கிறது. 70 கி.மீ. வேகத்தில் 7.50-16 அளவு ரயர் செக்கனுக்கு ஏறக்குறைய 8 தரம் சுற்றுகிறது. அச்சும் அதன் இணைப்புகளும் தமக்கே உரிய ஒரு தாளத்தில் ஆடக்கூடியவை. சில்லுச் சுற்றும் அந்தத் தாளமும் கிட்ட வந்து சேர்ந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள உயருவதுபோல ஆட்டம் ஏறுகிறது. இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் சில்லுக்கு ஆட இடம் கிடைக்காது. ஒரு மில்லிமீற்றர் பிளே இருந்தால் கிடைக்கிறது.

வன்னியில் ஏன் இவ்வளவு அதிகம்

எங்கள் வீதிகள் இரண்டு வகை. ஏ-9, பரந்தன் முல்லைத்தீவு வீதி, மாங்குளம் முல்லைத்தீவு வீதி போன்றவை போருக்குப் பிறகு திருத்தப்பட்டு 70 இல் ஓடக்கூடியவையாகிவிட்டன. அவற்றிலிருந்து உள்ளே இறங்கினால் கிறவல், அதாவது சரளை மண் வீதி. அலை அலையாக வரம்பு கட்டின கிறவலில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒவ்வொரு புஷ்ஷும், ஒவ்வொரு போல் ஜொயின்டும் ஆயிரக்கணக்கான அடி வாங்குகிறது. தேய்மானம் கிறவலில் நடக்கிறது, காட்டிக்கொடுப்பது காப்பெற். கிறவலில் 30 இல் போகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. அதே வாகனம் சந்தியில் ஏறி ஏ-9 இல் 70ஐத் தொடும்போதுதான் தெரியவரும். அதனால் பலர் "காப்பெற்றில்தான் உதறுது, ரயர்தான் பிழை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

மாரியும் ஒரு காரணம். குளம் வான் பாய்கிற நாட்களில் வெள்ளத்துக்குள்ளால் இறக்கி ஓட்டின வாகனத்தில், சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலே சில்லுக் கழுத்துக்குள் (சில்லு திரும்புகிற மூட்டுக்குள்) தண்ணீர் போய்விடும். கிறீஸ் பால் நிறமாகி, கோடை வரும்போது பேரிங்கில் துரு பிடித்திருக்கும். முல்லைத்தீவுக் கரையோரம் ஓடுகிற வாகனங்களில் உப்புக்காற்று பிறாக்கெற்றுகளையும் போல்ட்டுகளையும் அரிக்கிறது. வெளியில் பெயின்ற் நன்றாகத் தெரியும், உள்ளே துளை பெருத்திருக்கும்.

தெரிவு 1: டம்பர்

டம்பர் என்பது ஸ்டேரிங் தண்டோடு சேர்ந்து படுத்திருக்கிற ஒரு சின்ன ஷொக் அப்சோபர். பள்ளத்தின் திடீர் உதை சாரதியின் கைக்கு வராமல் தணிப்பது அதன் வேலை. தளர்ந்த இணைப்புகளை அடக்கிப் பிடிப்பது அதன் வேலை அல்ல. புதிதாகப் போட்டதும் ஆட்டத்தின் சக்தியை அது விழுங்கிக்கொள்வதால் உதறல் மறைகிறது. கீழே பிளே அப்படியே கிடந்து நாளுக்கு நாள் பெருக்கிறது. டம்பருக்குத் தாங்க முடியாமல் போகிற நாளில் முன்னையதைவிடப் பெரிய ஆட்டமாக வெளியே வருகிறது. இரட்டை டம்பர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இதே மறைப்பு, இரண்டு மடங்கு காசுக்கு.

ஆனாலும் டம்பரை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு முனையைக் கழற்றிக் கையால் அமுக்கியும் இழுத்தும் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சீரான தடை இருக்க வேண்டும். இடையில் வெறுமையாக ஓடினாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் பிறகு. முன்பக்கம் ஒழுங்காக உள்ள வாகனம் டம்பர் இல்லாமலே உதறாமல் ஓட வேண்டும்.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு இது நல்ல தடயம். கீழே எல்லாம் சேறும் துருவுமாக இருக்க, டம்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

தெரிவு 2: சில்லும் அலைன்மென்டும்

இதில் பாதி காசில்லாமல் செய்யக்கூடியது. மாரியில் றிம்மின் உட்பக்கம் அப்பின களி காய்ந்து கல்லாகிவிடும். ஒரு பக்கத்தில் கைப்பிடியளவு காய்ந்த களி இருந்தாலே எந்தப் பலன்ஸும் நிற்காது. முதல் வேலை நாலு றிம்மையும் உள்ளுக்குள்ளால் கழுவுவது. அடுத்து, முன்னால் உள்ள இரண்டு சில்லையும் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றி அதே வீதியில் ஓடிப் பார்ப்பது. உதறல் போய்விட்டாலோ வேறு வேகத்துக்கு நகர்ந்தாலோ ரயருக்கும் பங்கு உண்டு. ஒன்றும் மாறவில்லை என்றால் ரயர்க் கடைக்குப் போகத் தேவையில்லை. முன்ரயர்க் காற்றை 4, 5 பி.எஸ்.ஐ. கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் இப்படித்தான். மாற்றம் தெரிந்தால் அது ஒரு சாட்சி, அதையே மருந்து என்று எடுக்க வேண்டாம்.

றீபில்ட் ரயரை (மேலே புது இறப்பர் ஒட்டின பழைய ரயரை) முன்னால் போடாதீர்கள். சில்லை ஜக்கில் தூக்கிச் சுற்றவிட்டு, ரயர் முகத்துக்கு நேரே ஒரு குச்சியை அசையாமல் பிடித்துப் பார்த்தால், உள்கம்பி அறுந்து ஓரிடத்தில் புடைத்த ரயர் குச்சியில் முட்டும். புடைத்த ரயரை எந்தப் பலன்ஸ் மெஷினும் நேராக்காது. அகலமான ரயரும் வெளியே தள்ளின றிம்மும் போட்டிருந்தால் நெம்புகோல் நீண்டுவிட்டது என்று பொருள். அதே பிளே முன்பு பேசாமல் இருந்திருக்கும், இப்போது உதறும்.

அலைன்மென்ட் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். முழு அக்சில் வாகனத்தில் சாதாரணமாகத் திருப்பி அளவு வைக்கக்கூடியது சில்லுகளின் முன்விரிவு (முன்பக்கம் உள்ளே குவிந்தோ வெளியே விரிந்தோ நிற்கிற அளவு) ஒன்றுதான். கணினித் தாளில் மற்றக் கோணங்கள் அச்சாகி வரும். அவற்றைத் திருத்த அந்த அக்சிலில் ஸ்க்றூ இல்லை. "அலைன்மென்ட் செய்து காசும் போச்சு, இன்னும் உதறுது" என்று கவலைப்படுகிறவர்கள் இதனால்தான் கவலைப்படுகிறார்கள். தளர்ந்த டை றொட் எண்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் அந்த அளவு மெஷினை விட்டு இறங்குமுன்பே மாறிவிடும். சாமான் மாற்றின பிறகு செய்யும் கடைசி வேலை அது. டிபென்டர் வைத்திருப்பவர்கள் மெஷின்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: எப்போதும் நாலு சில்லும் இழுக்கிற அந்த வாகனத்துக்கு முன்சில்லுகள் 2 மில்லிமீற்றருக்குள் வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். காருக்கு வைக்கிற மாதிரி உள்ளே குவித்து வைத்துவிடுவார்கள்.

தெரிவு 3: பிளேயைத் தேடுவது

நேரம் மட்டும் செலவாகிற தெரிவு இது. இரண்டு பேர் வேண்டும். வாகனம் தரையில், தன் பாரத்தில் நிற்க வேண்டும். ஜக்கில் தூக்கினால் தேடுகிற பிளே ஒளிந்துகொள்ளும். ஹான்ட் பிரேக் போட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பவர் ஸ்டேரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். அப்போதுதான் சில்லு தரையைப் பிடித்துக்கொள்ள, இணைப்புகளில் முழு விசை ஏறும். உள்ளே இருப்பவர் ஸ்டேரிங்கைக் கால் சுற்றளவுக்கு, தொடர்ந்து, இடமும் வலமும் ஆட்டுகிறார். கீழே படுத்திருப்பவர் ஸ்டேரிங் பெட்டியிலிருந்து தொடங்கிச் சில்லுவரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கிறார்.

கிளிநொச்சியில் ஒரு கராஜில் இதை நிதானமாகச் செய்து பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. டிபென்டருக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்திருந்த பெரியவர் டோர்ச்சைக் கூடப் பிடிக்கவில்லை. அக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கிற பன்ஹார்ட் றொட்டின் முனையில், பாதி விரல் றொட்டிலும் பாதி விரல் பிறாக்கெற்றிலும் படும்படி வைத்துக்கொண்டு, "ஆட்டடா தம்பி" என்றார். பெடியன் ஆட்டினான். "இன்னும் கெதியா." டிக், டிக் என்று ஒரு சத்தம், காதுக்குக் கேட்டும் கேட்காமலும். "நிப்பாட்டு. இஞ்ச வா, கையை வை" என்று அவனைக் கீழே கூப்பிட்டு, வாகனக்காரரை ஸ்டேரிங்கில் உட்காரவைத்தார். பெடியனின் விரலுக்கும் அது புரிந்தது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. துளைதான் முட்டை வடிவத்துக்குப் பெருத்திருந்தது. புஷ் புதிது, யாரோ முன்பே மாற்றியிருந்தார்கள். துளையைப் பார்த்திருக்கவில்லை.

பன்ஹார்ட் றொட்டை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. சுருள் ஸ்பிறிங் வாகனங்களில் அக்சில் இடம் வலமாக நகராமல் பிடித்திருப்பது அந்த ஒரு தண்டுதான். அதன் இரு முனைப் புஷ், போல்ட், பிறாக்கெற் துளை, பிறாக்கெற்றின் வெல்டிங் என்று நாலையும் பார்க்க வேண்டும். துளை பெருத்திருந்தால் போல்ட்டை இன்னும் இறுக்குவதால் பயனில்லை. துளையைச் சரியாக்கி, தடித்த வளையத்தை வெல்ட் செய்து, சரியான தடிப்புள்ள போல்ட் போட வேண்டும். போல்ட்டின் மரையில்லாத வழுவழுப்பான பகுதி துளைக்குள் உட்கார வேண்டும். மரை உட்கார்ந்தால் அதுவே அரமாகித் துளையை மறுபடி அரித்துவிடும். இறப்பர்ப் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வாகனத்தைத் தரையில் இறக்கின பிறகுதான். தூக்கி வைத்து இறுக்கினால் இறப்பர் முறுக்குண்டு, சீக்கிரமே கிழியும்.

அதற்கடுத்து டை றொட் எண்டுகளும், ஸ்டேரிங் பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகிற டிறாக் லிங்க்கின் முனைகளும். கையால் பிடித்து மேலும் கீழும் உருட்டினால் உருளலாம், அது குறையல்ல. ஆட்டும்போது குண்டு கிண்ணத்துக்குள் விலகி அசைந்தால்தான் குறை. இறப்பர் மூடி கிழிந்து மண் போயிருந்தால் இன்று இல்லாவிட்டாலும் அடுத்த மாரியில் போய்விடும். ஸ்டேரிங் பெட்டியைச் சேஸியில் பிடிக்கிற போல்ட்டுகளையும் அதைச் சுற்றியுள்ள வெடிப்புகளையும் கையைத் தடவிப் பாருங்கள். பெட்டியின் மேல் உள்ள ஸ்க்றூவை முறுக்கி "பிளே எடுத்துவிட்டேன்" என்கிற கைகளுக்கு இடம் கொடுக்காதீர்கள். அதிகம் முறுக்கினால் நடுவில் பல் இறுகி, திருப்பின ஸ்டேரிங் தானாக நேருக்கு வராது. உதறலோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

இலை ஸ்பிறிங் வாகனங்களில் பன்ஹார்ட் றொட்டின் இடத்தில் பார்க்க வேண்டியவை ஸ்பிறிங்கின் முனையைத் தாங்குகிற ஷக்கிளின் புஷ், ஸ்பிறிங்கை அக்சிலோடு கட்டுகிற யூ-போல்ட், ஸ்பிறிங்கின் நடுப்போல்ட். நடுப்போல்ட் அறுந்து அக்சில் ஒரு பக்கம் பின்தள்ளியிருப்பதை நாலு சில்லுக்கும் இடையிலான தூரத்தை நூல் பிடித்து அளந்தே கண்டுபிடிக்கலாம்.

பிறகுதான் ஜக். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டுங்கள். பிளே இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் பிளே மறைந்தால் அது சில்லுப் பேரிங். அதை இறுக்கிச் சரியாக்கலாம். மிதித்த பிறகும் ஆடினால் குறை சில்லுக் கழுத்தில், கிங் பின் பேரிங்கில். இந்த ஒரு சோதனை தேவையில்லாத ஓவரோல்கள் பலவற்றைத் தடுக்கும்.

தெரிவு 4: கழுத்தைக் கழற்றுவது

ஒரு முன் அக்சிலின் இரண்டு கழுத்தையும் கழற்றி, கழுவி, பேரிங்கும் சீலும் மாற்றிப் பூட்டுவது பெரிய வேலை. பிரேக் பிளேட், ஹப், அச்சுத்தண்டு எல்லாம் வெளியே வரும். மேலே சொன்ன பிரேக் சோதனை கழுத்தைக் காட்டினாலோ, கழுத்தைத் திறந்தால் கிறீஸில் தண்ணீர் இருந்தாலோ இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கழுத்து பேரிங்குகள் சும்மா சுழல மட்டும் பூட்டப்படுவதில்லை. ஒரு அளவு இறுக்கத்தோடு பூட்டப்படுகின்றன, அந்த உராய்வே ஆட்டத்தை அடக்குகிற ஒரு பூட்டு. பல பழைய லாண்ட் றோவர்களில் மேலே இருக்கிற றெயில்கோ புஷ்ஷின் வேலையும் அதுதான். இறுக்கத்தை மெல்லிய தகட்டுச் சிம்களால் கூட்டிக் குறைக்கிறார்கள். அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. டை றொட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டேரிங் கையின் முனையில் மீன் நிறுக்கிற வில் தராசைக் கொளுவி இழுத்து, எத்தனை கிலோவில் கழுத்து திரும்பத் தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். அந்தந்த வாகனத்தின் பட்டறைக் கையேட்டில் அளவு இருக்கும். "கை சொல்லுது, காணும்" என்று தராசு இல்லாமல் பூட்டுகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

தெரிவு 5: கஸ்ரர்

கழுத்தின் அச்சு மேல்முனையில் சற்றே பின்சாய்ந்திருப்பதுதான் கஸ்ரர். திருப்பின சில்லு தானாக நேருக்கு வருவது அதனால். உயரமான ஸ்பிறிங் போட்டு வாகனத்தைத் தூக்கினால் அக்சில் சுழன்று இந்தச் சாய்வு குறைகிறது. ஸ்டேரிங் இலேசாகி, வாகனம் வீதியில் அலைகிறது. சுருள் ஸ்பிறிங்குக்குச் சாய்வு திருத்தும் புஷ்ஷோ, வளைந்த ரேடியஸ் ஆம்மோ (அக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கிற கை), இலை ஸ்பிறிங்குக்கு ஆப்புத் தகடோ தீர்வு. தூக்காத வாகனத்தில் இதற்குப் போகவே வேண்டாம். அளவுக்கு மேல் சாய்வு கூட்டினாலும் உதறும்.

தெரிவு 6: வாகனத்தைக் கொடுத்துவிடுவது

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோரும் கண்டதுதான். உதறுகிற வாகனத்தை உள்ளபடி சொல்லி விற்றால் விலை விழும். சொல்லாமல் விற்றால் வாங்குகிற குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது. சேஸியில் ஸ்டேரிங் பெட்டி பூட்டும் இடமே துருவில் கரைந்துபோனால் தவிர, இதை நான் தெரிவாகவே எடுப்பதில்லை.

எந்தச் சாமான், யாருடைய கை

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது உதிரிப்பாகம் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குள் வராது. இங்கே கடைசல் பட்டறைக்காரர்கள் புஷ்ஷைக் கடைந்து, போல்ட்டைக் கடைந்து வாகனங்களை ஓட வைத்தார்கள். அந்தக் கைப்பக்குவம் இன்னும் வன்னியில் இருக்கிறது, பெருமைப்படக்கூடியது. பெருத்த துளைக்கு ஸ்லீவ் கடைவது, பிறாக்கெற்றுக்கு வளையம் வெட்டுவது போன்ற வேலைகளுக்குக் கொழும்புவரை போகத் தேவையில்லை. ஆனால் டை றொட் எண்டின் குண்டை வெல்ட் செய்வதோ, சுத்தியலால் அடித்து இறுக்குவதோ, தகடு வைத்து நிரப்புவதோ எந்தக் கையாலும் ஏற்கக்கூடாது. அது கழன்றால் ஒரு சில்லு ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் போகும். அதற்குப் புதுச் சாமான், புது ஸ்பிளிற் பின்.

புஷ் வாங்கும்போது கேள்வி வரும்: இறப்பரா, பொலியூறித்தேனா? பன்ஹார்ட் றொட்டுக்குப் பொலி நல்லது. அங்கே இறுக்கம்தான் வேண்டும். ரேடியஸ் ஆம்முக்கு நான் நல்ல தரமான இறப்பரையே சொல்வேன், அக்சில் முறுகி வளைய அங்கே இடம் வேண்டும். பெட்டியில் பெயர் அச்சடித்த நகல் சாமான் இங்கே நிறைய ஓடுகிறது. டை றொட் எண்டைக் கையில் எடுத்துக் குண்டை ஆட்டிப் பாருங்கள். புதிது கடினமாக, சீராகத் திரும்ப வேண்டும். கடையிலேயே தளதளவென்று ஆடினால் அது உங்கள் வாகனத்துக்கு வேண்டாம்.

காசு குறைவாக இருந்தால்

வாகனம் வயலுக்கும் வீட்டுக்கும் கிறவலில் மட்டும், 30, 40 இல் ஓடுவதாக இருந்தால், றிம்மைக் கழுவி, ரயரை மாற்றி, பிளே தேடி, பன்ஹார்ட் புஷ்ஷும் பழுதான எண்டும் மட்டும் மாற்றி, மற்றதைக் காசு வரும்வரை வைத்திருக்கலாம். டை றொட் எண்ட் பிளேயை மட்டும் எந்த வேகத்துக்கும் விட்டுவைக்கக் கூடாது. ஏ-9 இல் ஓடுகிற, ஆட்களை ஏற்றுகிற, பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டுபோகிற வாகனத்துக்கு இந்தச் சலுகை இல்லை. கண்டுபிடித்த ஒவ்வொரு பிளேயும் போகும்வரை அது பெரிய வீதியில் ஏறக்கூடாது. ஒவ்வொரு முறை உதறும்போதும் துளை இன்னும் கொஞ்சம் பெருக்கிறது, சேஸி வெடிப்பு இன்னும் கொஞ்சம் நீள்கிறது. தள்ளிப்போட்ட வேலை அடுத்த மாதம் கூடின விலையில் நிற்கும்.

எல்லாம் ஒன்றாகப் பழுதாக இருப்பதும் உண்டு. அப்போதும் ஒன்றைச் சரியாக்கி ஓடிப் பார்த்து, அடுத்ததுக்குப் போங்கள். ஒரே நாளில் ஆறு சாமான் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது, திரும்ப வரும்போது மறுபடி ஆறையும் சந்தேகப்பட வேண்டும். வேலை முடிந்தபின் வெறும் வீதி ஒன்றில், விடியப்புறம், 50 இல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள். பிறகு சில நூறு கிலோமீற்றர் கிறவலில் ஓடினதும் பன்ஹார்ட் போல்ட்டுகள், யூ-போல்ட்டுகள், சில்லு நட்டுகள், ஸ்டேரிங் பெட்டிப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டோர்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பூட்டின எதுவும் முதல் தரத்தில் தன் இடத்தில் முழுதாக உட்காருவதில்லை. இறுக்கின ஒவ்வொரு நட்டிலும் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை சாக்கை விரித்துப் படுத்ததும் எது நகர்ந்திருக்கிறது என்று பார்வையிலேயே தெரியும்.